வேகமும் தாமதமும்

நமது ஊர் திகாம் பத்து. தமிழ்நாட்டிலிருந்து வரும் அன்பர்கள் இப்பெயரைக் கேட்டதும், "அது என்ன பத்து? பத்து வீடுகளா, பத்துத் தோட்டங்களா?" என்று வினவுவதுண்டு. இந்தப் பத்து எண் அன்று. மலாய் மொழியில் பத்து என்றால் கல் என்பது பொருள். கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்குத் தெற்கே, பெருஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் இது. எண்போலத் தோன்றுவதெல்லாம் எண்ணாகிவிடாது. எண்ணாகவே இருந்தாலும், அஃது எதனுடைய எண் என்று கேளாமல் ஏற்றுக்கொள்ளலாகாது. இந்தக் கேள்வியை நம்மவர் அடிக்கடி கேட்க மறக்கும் இடமொன்று உண்டு. அது கணிப்பொறி விற்கும் கடை.

கணிப்பொறிக்கு நினைவகம் வாங்குவது எப்படி என்பதைப் பற்றியே இன்று நாம் எழுதப் புகுகின்றோம். இலக்கியக் கட்டுரைகள் வரும் பக்கத்தில் கடைச்சரக்கிற்கு என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். உழைத்துச் சேர்த்த பணத்தை ஒருவன் எதற்காகக் கொடுக்கிறான் என்பதை அவனுக்கு விளங்கச் செய்வது எழுத்தின் வேலையன்று என்று கூறுவோரோடு நமக்கு வழக்கில்லை. அவர்கள் அடுத்த கட்டுரைக்குச் செல்லலாம்.

இவ்விஷயம் நமது வட்டாரத்திற்கு அந்நியமானதும் அன்று. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை, 1972ஆம் ஆண்டில் பினாங்கில் தோன்றியது. அக்காலத்தில் அந்நிறுவனத்தின் பெயரை உலகறியச் செய்த சரக்கு நினைவகச் சில்லே ஆகும். பின்னர் 1996இல் நமது கெடாவிலேயே கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. நினைவகம் செய்வதையே தொழிலாகக் கொண்ட மைக்ரான் நிறுவனம் 2023இல் பத்து காவானில் மேலும் ஓர் ஆலையைத் திறந்தது. பெற்றோர் பால்வெட்டுக்கு எழுந்த அதே இருட்டு வேளையில் பிள்ளைகள் எழுந்து, தோட்டத்து முகப்பில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்ற காலம் நமக்கு நன்கு தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே சில்லுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் களைத்த பெண்கள் நம் உறவினர் வீடுகளில் பலர். இத்தகைய சரக்கைச் செய்யும் கைகளை உடையவர்களே கடைக்குச் சென்றால், பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைக் கண்டு மலைத்து நிற்கின்றனர். செய்பவனுக்கு அறிவும் வாங்குபவனுக்கு அறியாமையும் ஒரே உடம்பில் இருப்பது வருந்தத்தக்கதன்றோ?

நிற்க. அந்த எண்கள் யாவை என்று பார்ப்போம். ராம் என்று கடைக்காரர் கூறும் தகட்டின் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பெரிய எழுத்தில் இருக்கும்: 5600, 6000, 6400 என்பன போல. இது வேகம். மற்றொன்று சிறிய எழுத்தில், சி.எல். என்ற இரண்டெழுத்தை அடுத்து 30, 36, 40, 46 என்பன போல இருக்கும். இது தாமதம். முன்னது பெருகப் பெருக நன்று, பின்னது குறையக் குறைய நன்று. இவ்வளவும் பலர் அறிந்ததே. ஆயினும், ஒன்று பெருகும்போது மற்றதும் பெருகினால் எதைக் கொள்வது என்பதிலேதான் மயக்கம் பிறக்கிறது.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. முன்னாளில் லயத்து வீடுகளில் வீட்டுக்கு வீடு குழாய் கிடையாது. ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரு பொதுக்குழாய் இருக்கும். அக்குழாயைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். வீட்டிலிருந்து அஃது எவ்வளவு தூரம்? திறந்தால் நீர் எவ்வளவு பருமனாக விழும்? ஒரு செம்பு நீர் வேண்டுபவனுக்கு முதற்கேள்வியே முக்கியம். நீர் எவ்வளவு பருமனாக விழுந்தாலும் அவன் நடக்கிற நடை குறையாது. பீப்பாயை நிரப்ப வேண்டியவனுக்கோ இரண்டாம் கேள்வியே முக்கியம். நடை ஒருமுறைதான், நிற்பது அரை மணி நேரம். நடையே தாமதம், நீரின் பருமனே வேகம். நினைவகத்திலிருந்து சிறு சிறு துணுக்குகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்கும் வேலைக்குத் தாமதம் குறைய வேண்டும். நீண்ட வரிசையாகத் தொடர்ந்து வாரிக்கொள்ளும் வேலைக்கு வேகம் மிக வேண்டும்.

இனி, கணக்கிற்கு வருவோம். தாமத எண்ணாகிய சி.எல். நேரத்தைக் குறிப்பதன்று. தகட்டின் கடிகாரம் எத்தனை முறை துடிக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதையே அது குறிக்கிறது. துடிப்பு விரைவாக இருந்தால் முப்பது துடிப்பும் குறுகிய காலமே, துடிப்பு மெதுவாக இருந்தால் பதினாறு துடிப்பும் நீண்ட காலமே. ஆகவே சி.எல். எண்ணை மட்டும் தனியே வைத்து ஒப்பிடுவது பொருளற்றது. ஒரு துடிப்புக்கு இருமுறை செய்தி செல்லும் அமைப்பாதலால், தாமத எண்ணை 2000ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுக்க வேண்டும். வருவது நானோ வினாடி, அதாவது வினாடியை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு கூறு.

3200 வேகமும் 16 தாமதமும் உடைய டி.டி.ஆர். 4 தகட்டை எடுத்துக்கொள்வோம். 16ஐ 2000ஆல் பெருக்கினால் 32,000. அதனை 3200ஆல் வகுத்தால் 10 நானோ வினாடி. 3600 வேகமும் 18 தாமதமும் உடையதற்கும் அதே பத்து. 6000 வேகமும் 30 தாமதமும் உடைய டி.டி.ஆர். 5 தகட்டுக்கும் அதே பத்து. முப்பதைக் கண்டு அஞ்சிப் பதினாறை நாடியவன் தாமதத்தில் ஒன்றும் மிச்சம் பிடிக்கவில்லை. அவன் வேகத்தை மட்டும் இழந்தான். ஆனால் 4800 வேகமும் 40 தாமதமும் உடைய தகட்டுக்குக் கணக்கிட்டால் 16.7 வருகிறது. பெயர் புதியது, நடை நீண்டது.

பால்மரத்தோடு பழகிய நம்மவர்க்கு இக்கணக்கு புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. நிறுவைக் கொட்டகையில் பாலின் எடையை மட்டும் பார்த்தா கணக்கு எழுதினார்கள்? பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மீதி பெரும்பாலும் நீர். மழை கலந்தால் எடை ஏறும், ரப்பர் ஏறாது. ஆகவே மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, அது காட்டும் அளவையும் எடையையும் சேர்த்தே உண்மையான ரப்பரைக் கண்டனர். இரண்டு எண்களைச் சேர்த்தால்தான் ஒரு மெய் கிடைக்கும் என்பதை எழுத்தறியாத நம் பாட்டிமாரும் வாளியைச் சுமந்தே கற்றிருந்தனர்.

இவ்விடத்தில் வியப்புக்குரிய ஒரு வரலாற்றையும் கூற வேண்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டுக் கணிப்பொறிகளில் இருந்த 133 மெகாஹெர்ட்சு நினைவகம் வினாடிக்கு ஏறத்தாழ 1 கிகாபைட்டைத் தந்தது. அதில் தாமதம் இரண்டாக இருந்த தகட்டுக்குக் காத்திருப்பு 15 நானோ வினாடி. அடுத்து வந்த டி.டி.ஆர். 400க்கும் தாமதம் மூன்றாயின் அதே 15. டி.டி.ஆர். 3 காலத்தில், 1600 வேகத்திற்கும் 11 தாமதத்திற்கும், 13.75. இன்று 6000 வேகத்தில் ஒரு தகடு வினாடிக்கு 48 கிகாபைட்டைத் தர வல்லது. நீரின் பருமன் நாற்பத்தைந்து மடங்கு பெருகிற்று. நடையோ 15இலிருந்து, உயர்ந்த விலைத் தகட்டில், 10க்கு வந்திருக்கிறது. அவ்வளவே.

இதன் காரணம் நினைவகத்தின் உடலமைப்பிலேயே இருக்கிறது. 1968இல் ராபர்ட் டென்னார்டு காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, ஒவ்வொரு செய்தித் துளியும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் ஒரு சொட்டு மின்னூட்டமாக இருக்கிறது. அச்சொட்டை நீண்டதொரு கம்பியில் விட்டு, அஃது உண்டா இல்லையா என்று உணர்ந்தறிய நேரம் பிடிக்கிறது. படித்தவுடன் சொட்டு கரைந்துவிடுமாதலால் திரும்ப எழுதவும் வேண்டும். தேக்கிகள் சிறுத்தபோது, கிடைத்த ஆதாயத்தை உற்பத்தியாளர் பெரும்பாலும் கொள்ளளவைப் பெருக்கவே பயன்படுத்தினர். ஒரே சமயத்தில் பல சொட்டுகளை எடுத்து வரிசையாக அனுப்பும் வித்தையால் வேகம் பெருகியது. முதற்சொட்டுக்கான காத்திருப்பு ஏறத்தாழ அப்படியே நின்றது.

அறிஞர் இக்குறைக்கு வேறொரு பரிகாரம் கண்டனர். குழாய் தூரத்தில் இருந்தால் இல்லத்தரசி என்ன செய்வாள்? அடுப்பங்கரையில் ஒரு குடம் நிரப்பி வைப்பாள். செயலிக்கு அருகில் கேச் எனப்படும் சிறிய, விரைவான நினைவகத்தை வைக்கும் கருத்தைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிசு வில்க்ஸ் 1965இல் எழுதினார். 1968இல் ஐ.பி.எம். நிறுவனம் அதனைத் தன் பெரும் கணிப்பொறி ஒன்றில் அமைத்தது. 2022இல் ஏ.எம்.டி. நிறுவனம் வீட்டுக் கணிப்பொறிக்கான ஒரு செயலியின்மேல் கூடுதல் கேச்சை அடுக்காக ஏற்றி, அதன் பெரிய குடத்தை 96 மெகாபைட்டாக ஆக்கியது. குடம் பெரிதாக இருக்கும் வீட்டில் குழாயின் தூரம் அவ்வளவாக உறுத்துவதில்லை. அத்தகைய செயலியை வாங்குபவன் விலையுயர்ந்த தகட்டுக்காக அலைய வேண்டுவதுமில்லை.

இன்னும் ஒன்று. நாம் கணக்கிட்ட பத்து, நடையின் ஒரு பகுதியே. செயலி கேட்டது முதல் செய்தி வந்து சேர்வது வரை மேசைக் கணிப்பொறிகளில் பொதுவாக அறுபது முதல் நூறு நானோ வினாடி வரை ஆகிறது. அதில் சி.எல். ஒரு பங்கு. ஆதலால் அவ்வெண்ணில் இரண்டு மூன்று நானோ வினாடி குறைவது முழு நடையில் சிறு குறைவே. அச்சிறு குறைவுக்காக விலையைப் பெரிதும் கூட்டிக் கொடுக்கச் சொல்பவர்கள், இதனையும் சேர்த்துக் கூறினால் நன்றாயிருக்கும்.

இவ்விரு எண்களுக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியவை மூன்று உள. முதலாவது கொள்ளளவு. வேலைக்குப் போதிய நினைவகம் இல்லையெனில், கணிப்பொறி மிச்சத்தைச் சேமிப்பகத்தில் தேடும். இன்றைய நல்ல சேமிப்பகமும் நினைவகத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு தாமதமானது. குழாயில் நீர் நின்றுபோய், குடத்தை எடுத்துக்கொண்டு மூடா ஆற்றுக்குப் போவதற்கு ஒப்பானது அது. இரண்டாவது இணை. செயலிக்குப் பொதுவாக இரண்டு வழிகள் இருப்பதால், ஒரு பெரிய தகட்டைவிட அதே அளவை இரண்டாகப் பகுத்து உரிய துளைகளில் பொருத்துவது நீரின் பருமனை இரட்டிக்கும். மூன்றாவது, வாங்கிய வேகத்தை இயக்குதல். எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைக் கணிப்பொறியில் ஒருமுறை திறந்து விடாவிட்டால், 6000 என்று வாங்கிய தகடு பெரும்பாலும் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பணம் கொடுத்தவனுக்கு இது தெரியாமலேயே ஆண்டுகள் கழிவதும் உண்டு.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கூடங்கள் உலகத்துச் சில்லுகளை வாரிக்கொண்டமையால், நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. அவ்வாண்டின் டிசம்பரில் நண்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து, கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். மகள் பொறியியல் படிக்கச் செல்கிறாள், கட்டிட வரைபடங்கள் போட வேண்டும், கணிப்பொறி கட்டித்தர வேண்டும். கடையில் எழுதித் தந்த மூன்று விலைத்தாள்களை நம்முன் வைத்தார்.

ஒன்றில், 32 கிகாபைட் கொண்ட ஒரே தகடு, வேகம் 6400, தாமதம் 40, வண்ண விளக்கும் உண்டு. இரண்டாவதில், 16 கிகாபைட் தகடுகள் இரண்டு, வேகம் 5600, தாமதம் 46, விளக்கு இல்லை, விலையும் குறைவு. மூன்றாவதில், அதே போல் இரண்டு தகடுகள், வேகம் 6000, தாமதம் 30, விலை எல்லாவற்றிலும் அதிகம்.

"பெரிய நம்பர் உள்ளதையே எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், அண்ணே. நான் படிக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது" என்றார் நண்பர்.

அந்தச் சொற்களில் இருந்த அன்பை நாம் எள்ளவில்லை. ஆயினும் அன்பு எந்த எண்ணின்மேல் செலவழிக்கப்படுகிறது என்று பார்ப்பது தந்தைக்கும் கடமையே. விலைத்தாள்களை மகளிடம் கொடுத்து, கணக்கிடும் முறையை மட்டும் கூறினோம். அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலாவதற்குத் தாமதம் 12.5, வினாடிக்கு 51 கிகாபைட். இரண்டாவதற்குத் தாமதம் 16.4, இணையாதலால் வினாடிக்கு ஏறத்தாழ 90. மூன்றாவதற்குத் தாமதம் 10, வினாடிக்கு 96.

"அப்பா, 6400 என்று போட்டிருப்பதுதான் குறைவாகத் தருகிறது" என்றாள்.

பிறகு நம்மை நோக்கி, "பெரியப்பா, படம் காட்டும் அட்டை தனியாக இப்போது வாங்கப் போவதில்லை. செயலியில் உள்ளதே படத்தையும் பார்த்துக்கொள்ளும். அதுவும் இதே நினைவகத்திலிருந்துதானே எடுக்கும்? அப்படியானால் எனக்குத் தாமதத்தைவிடப் பருமன்தானே முக்கியம்?" என்று கேட்டாள். நாம் கூற நினைத்து வைத்திருந்ததை அவளே கூறிவிட்டாள். ஆம் என்றோம்.

மீதியிருந்தது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ள வழக்கு. மூன்றாவது எல்லா வகையிலும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆறு நானோ வினாடி மிச்சம், பருமனிலும் ஒரு சிறு ஏற்றம். ஆனால் விலை வேற்றுமை, நண்பரின் கணக்குப்படி, ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் மிகை நேர வேலைக்குச் செல்வதற்குச் சமம். 2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்த மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது என்பதை நினைவிற் கொள்பவர்க்கு, அந்த ஆறு ஞாயிறுகளின் கனம் விளங்கும். தந்தை செல்வதாகவே கூறினார். மகள் தாளை மடித்தாள்.

"வீடு கட்டும் படத்தில் ஒரு சுவரைத் திருப்பும்போது கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு கூறு மிச்சமானால் எனக்கு என்ன, அப்பா? நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருங்கள்."

இரண்டாவதையே வாங்கினர். அதற்குமேல் அவ்வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

இதனால் மூன்றாவதை வாங்குபவன் ஏமாளி என்பது நமது அபிப்பிராயமன்று. விளையாட்டுப் போட்டிகளில் ஒரு கணப் பின்னடைவும் தோல்வியாகும் இளைஞனுக்கும், பெருந்தரவில் துணுக்குத் துணுக்காகத் தேடுவதையே பிழைப்பாகக் கொண்டவனுக்கும் அந்த ஆறு நானோ வினாடி கூலியாகத் திரும்பி வரும். படச்சுருள் தொகுப்பவனுக்கும் பெரும் கணக்குப் போடுபவனுக்கும் வேகம் கூலியாகத் திரும்பி வரும். கடிதம் எழுதவும் செய்தி படிக்கவும் கணிப்பொறி வைத்திருப்பவனுக்கு இரண்டிலும் ஒன்றும் வராது. அவனுக்கு வேண்டியது போதிய கொள்ளளவு ஒன்றே. கடைக்காரரையும் நாம் குறை கூறவில்லை. கேட்பவன் பெரிய எண்ணைக் கேட்டால், அவர் பெரிய எண்ணைக் கொடுக்கிறார். கேள்வி மாறினால் சரக்கும் மாறும்.

நமது ஊர்களில் எண்களுக்குப் பஞ்சமில்லை. நாலு நம்பர் கடையில் ஞாயிறு தோறும் கூட்டம் நின்ற காலம் உண்டு. கனவில் கண்டது, வண்டி மோதிய தகட்டில் இருந்தது, குழந்தை பிறந்த நேரம் ஆகிய எல்லாம் அங்கே எண்ணாயின. அந்த எண்களை எவரும் வகுத்துப் பார்த்ததில்லை. வகுத்தால் நிற்காது என்பது உள்ளூர எல்லோர்க்கும் தெரியும். அப்பழக்கம் கணிப்பொறிக் கடைக்கும், கடன் பத்திரத்துக்கும், மருந்துச் சீட்டுக்கும் தொடர்ந்து வருமாயின், படித்த பிள்ளைகளைப் பெற்றும் நாம் பழைய இடத்திலேயே நிற்போம். கூட்டவும் வகுக்கவும் நமது தமிழ்ப் பள்ளிகள் கற்றுத் தந்திருக்கின்றன. அக்கல்வியைத் தேர்வோடு முடித்துக்கொள்ளாமல் கடைத்தெருவுக்கும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

அடுத்த முறை நினைவகம் வாங்கச் செல்லும் அன்பர்கள் முதலில் தம் வேலையைக் கூறட்டும். பிறகு கொள்ளளவைக் கேட்கட்டும், இரண்டு தகடுகளாகக் கேட்கட்டும். அதன் பின்னரே சிறிய எண்ணை இரண்டாயிரத்தால் பெருக்கிப் பெரிய எண்ணால் வகுத்துப் பார்த்து, வருகிற விடை தம் பணத்துக்குத் தகுமா என்று தாமே தீர்மானிக்கட்டும். அதற்கு வேண்டுவது ஒரு துண்டுத் தாளும் பென்சிலுமே.